இழுக்காத கை

7

நாயை எனக்குப் பிடிக்காது. நாய் என்றால் உயிர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களை அதைவிடப் பிடிக்காது. நாய்க்கு வீடு தேடிப் போய் டியூஷன் எடுக்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதே அன்றைக்கு மதியம் வரை எனக்குத் தெரியாது. தெரிந்ததும் அவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

மணி இரண்டு. நாலு மணிக்கு நகராட்சி வேன் வந்துவிடும்.

தையல்கார அம்மாவுக்குக் கடையும் வீடும் ஒன்றுதான். முன் அறையில் மிஷின், வெட்டுகிற மேஜை, தலையில்லாத பொம்மை ஒன்று. பின் அறையில் கட்டிலும் அடுப்பும். மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளம். பதினெட்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறார். முதல் மாடியில் வீட்டுக்காரர் குடும்பம்.

மேஜை மேல் இரண்டு காகிதங்கள் கிடந்தன. ஒன்று நகராட்சி அனுப்பியது. வீட்டுக்காரரின் மருமகனைக் கடித்த நாயை இன்று நாலு மணிக்கு ஒப்படைக்க வேண்டும். இன்னொன்று வீட்டுக்காரர் கொடுத்தது. குடியிருப்பவரின் நாய் யாரையாவது கடித்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம். மாத முடிவு வரை கெடு.

"அந்த வேன்ல ஏறின நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை ஐயா. என் நாய் பொத்தான் கடிக்கலை. கடிச்சிருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றார் தையல்கார அம்மா.

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க" என்றேன்.

சட்டென்று நம்புவது என் வழக்கமில்லை. நாற்பது வருஷம் பூட்டு ரிப்பேர் பார்த்தவன் நான். சாவி தொலைந்துபோச்சு, வந்து திறங்க என்று கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் அடுத்தவன் வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். பூட்டை விட்டுத் துப்பறிய வந்ததே அதனால்தான்.

என் உதவியாளன் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. என் பெண்டாட்டியின் தம்பி. வயது ஐம்பத்திரண்டு. வாய்க்கு மட்டும் வயதே ஆகவில்லை.

"அத்தான், நான் வண்டியிலேயே உட்கார்ந்து யோசிக்கிறேனே. எனக்கு உட்கார்ந்தாத்தான் மூளை ஓடும்."

"உள்ளே வாடா."

"நாய் எந்தப் பக்கம்னு சொல்லுங்க. அதுக்கு எதிர்ப்பக்கமா வரேன்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் பின் அறையிலிருந்து அது பாய்ந்து வந்தது. கறுப்பு நாய். நெஞ்சில் பொத்தான் தைத்தது மாதிரி வட்டமாக ஒரு வெள்ளை. நேராக என் மேல் ஏறி, சட்டையில் இரண்டு காலையும் வைத்தது. நான் கையை ஓங்கினேன்.

"கையை மடக்குங்க பெரியவரே."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். சத்தம் போடவில்லை.

"ரெண்டு கையையும் நெஞ்சோட மடக்குங்க. பக்கவாட்டுல திரும்புங்க. முகத்தை மேலே தூக்குங்க. நாயைப் பார்க்காதீங்க. மரம் மாதிரி நில்லுங்க."

எழுபத்தொரு வயதில் எனக்கு நிற்கக் கற்றுக்கொடுக்கிறாள். ஆனாலும் நின்றேன். கொஞ்ச நேரம் கூரையில் இருந்த விரிசலைப் பார்த்தேன். நாய் இறங்கிவிட்டது.

"இப்போ தொடையில ரெண்டு விரலால ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு."

தட்டினேன். நாய் உட்கார்ந்தது.

"அத்தான், உங்களுக்கு அடங்குற முதல் ஜீவன். அக்காகிட்ட சொல்லணும்" என்றான் மச்சான்.

அதுதான் நாய் டிரெய்னர் அம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் ஒரு பை, முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. மூன்று வாரமாகக் காலையில் வந்து பொத்தானைப் பழக்குகிறாளாம்.

"மத்தவங்க வாயால 'உட்காரு'ன்னு சொல்லிக் கொடுப்பாங்க. இந்தத் தட்டு என் முறை. வேற யாரும் செய்யறதில்லை" என்றாள்.

"ஒவ்வொருத்தரும் அப்படித்தான் சொல்வாங்க. உங்களுக்குச் சம்பளம் கொடுக்கறவங்க நாய் நல்ல நாய்னுதானே நீங்க சொல்வீங்க?"

"ஆமாம். அதனாலதான் நான் வாயைத் திறக்கலை. உங்களைக் கூப்பிடச் சொன்னேன்."

பதில் எனக்குப் பிடித்தது. அவளை இன்னும் பிடிக்கவில்லை.

வீட்டுக்காரர் கொடுத்த காகிதத்தோடு ஒரு போட்டோ இணைத்திருந்தார். பயமுறுத்துவதற்காக. முழங்கைக்குக் கீழே இடது கை. மேலே இரண்டு ஓட்டை, கீழே இரண்டு ஓட்டை.

"பல்லு இடைவெளியை அளந்து பார்த்தா பொத்தானா இல்லையான்னு தெரிஞ்சுடாதா?" என்று கேட்டேன்.

"தெரியும். ரிப்போர்ட் வர பத்து நாள் ஆகும். வேன் நாலு மணிக்கு வந்துடும்." அவள் போட்டோவை என் பக்கம் திருப்பினாள். "அதை விடுங்க. இந்தக் கையில என்ன இல்லைன்னு பாருங்க."

பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

தையல்கார அம்மா எட்டிப் பார்த்தார். "கிழிசல் இல்லை. ஊசியை நேரா இறக்கி நேரா எடுத்த மாதிரி இருக்கு."

டிரெய்னர் அம்மா தலையை ஆட்டினாள். "நாய் கவ்வினா மனுஷன் கையை இழுப்பான். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம், தானா இழுப்பான். இழுத்தா தோல் கிழியும். இந்தக் கை இழுக்கலை. கவ்வினதும் கையை உள்ளே தள்ளியிருக்கு. தள்ளினா நாய் வாயைத் திறந்துடும். அது பழகினவங்களுக்குத்தான் வரும்."

நகராட்சிக் காகிதத்தை எடுத்து, அதிலிருந்த வீட்டுக்காரரின் புகாரை விரலை வைத்துப் படித்தேன். 'சிறு வயது முதல் நாய் என்றாலே அஞ்சுபவரான என் மருமகன், கையை உதறிக்கொண்டு மாடிக்கு ஓடி வந்தார்.'

உதறிய கையில் கிழிசல் இல்லை.

"டிரெய்னர் அம்மா, நான் மேலே போறேன். பேசிக்கிட்டே இருப்பேன். நான் இருமினதும் நாயோட வாங்க" என்றேன்.

"நான் இருமினா?" என்றான் மச்சான்.

"உனக்கு டாக்டர்."

*

மேலே ஹாலில் உறை பிரிக்காத சோபா. கண்ணாடி அலமாரியில் யாரும் தொடாத பீங்கான் கோப்பைகள். வீட்டுக்காரர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் சமையலறை வாசலில் நின்றாள். மாப்பிள்ளை சோபாவின் ஓரத்தில், கையில் கட்டோடு. அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். காகிதக் கிடங்கு ஒன்றில் மேனேஜர்.

"இந்த வாசப்படியில இதுவரைக்கும் ஒரு நாய் ஏறினதில்லை. பொண்ணு பார்க்க வந்தப்பவே மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டேன். நாய், பூனை, குருவி, எதுவும் ஆகாது. அவருக்கும் ஆகாதுன்னார். அதனாலதான் பொண்ணைக் கொடுத்தேன்" என்றார் வீட்டுக்காரர்.

"நல்ல பொருத்தம்" என்றான் மச்சான். "எங்க அக்காவைக் கொடுக்கும்போது இவ்வளவு விசாரிக்கலை. இப்போ அனுபவிக்கிறோம்."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். "கடிச்சப்போ என்ன செஞ்சீங்க?"

"கத்தினேன் சார். கையை உதறிக்கிட்டு ஓடி வந்துட்டேன். நாயைக் கண்டாலே எனக்கு உயிர் போயிடும். கிட்டவே போனதில்லை."

"ஒரு நாள்கூட?"

"ஒரு நாள்கூட."

இருமினேன்.

கதவு திறந்தது. பொத்தான் உள்ளே பாய்ந்தது. டிரெய்னர் அம்மா கயிற்றை நீளமாக விட்டிருந்தாள்.

வீட்டுக்காரர் நாற்காலிக்குப் பின்னால் போனார். மகள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மச்சான் சோபா மேல் ஏறி, அங்கிருந்து அதன் முதுகில் ஏறி, இன்னும் ஏற இடம் உண்டா என்று அலமாரியைப் பார்த்தான். பயந்த மனுஷன் எப்படி இருப்பான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

மாப்பிள்ளை ஓடவில்லை, கத்தவில்லை.

எழுந்தார். பக்கவாட்டில் திரும்பினார். இரண்டு கையையும் நெஞ்சோடு மடக்கினார். முகம் மேலே போனது. பொத்தான் அவர் காலை மோந்தது, வாலை ஆட்டியது, குதிக்கப் பார்த்தது. அவருடைய வலது கை இறங்கியது. இரண்டு விரல். தொடையில் ஒரே ஒரு தட்டு.

பொத்தான் உட்கார்ந்தது.

மாப்பிள்ளை தன் கையையே பார்த்தார், அது யாரோ அடுத்தவன் கை மாதிரி. வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும். பழக்கிய கை அதன் பாட்டுக்கு அதன் வேலையைச் செய்துவிட்டது.

நான் திரும்பினேன். டிரெய்னர் அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. நாயை இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

"நாயை என் வீட்டுக்குள்ள ஏத்தினதுக்கு உன் மேலயும் கேஸ் போடுவேன்!" வீட்டுக்காரர் நாற்காலிக்குப் பின்னாலிருந்தே கத்தினார்.

"போடுங்க. எனக்கும் பொழுது போகணும்" என்றேன்.

*

மாடிப்படியின் பாதியில் அவளை மறித்தேன்.

"அந்தத் தட்டு உங்க முறை. வேற யாரும் செய்யறதில்லைன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்போ அந்த ஆளு உங்ககிட்ட படிச்சவன். ரெண்டு பேரும் சேர்ந்து எத்தனை நாளா இந்தக் கூத்து நடத்துறீங்க?"

"எனக்கு அவரைத் தெரியாது பெரியவரே."

"என் தலையில என்ன எழுதி ஒட்டியிருக்கு?"

"சத்தியமா ஆளைத் தெரியலை. எனக்கு ஆளுங்க முகம் நிக்காது. நாய் முகம்தான் நிக்கும்." கண்ணை மூடிக்கொண்டாள். "ஆறு வருஷம் முன்னாடி. தாடி வச்ச ஒருத்தர். வீட்டுக்கு வர வேண்டாம், வேலை பார்க்கிற இடத்துக்கே வாங்கன்னார். ஒரு மாசம் போனேன். பெரிய பழுப்பு நாய். இடது காது மடிஞ்சிருக்கும். மழையில நனைஞ்ச மூட்டை மாதிரி ஒரு வாசனை... காகிதம். பெரிய பெரிய காகிதக் கட்டு."

"காகிதக் கிடங்கு" என்றேன்.

"அத்தான்" என்றான் மச்சான், மேல் படியிலிருந்து. "நீங்க இந்த அம்மாவை நம்புறீங்களா?"

"இல்லை. வண்டியை எடு. போய்ப் பார்த்துட்டு நம்பறேன்."

*

பத்து நிமிஷத்தில் கிடங்கு. வாசலில் காவல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடிந்த காது, பழுப்பு நாய் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"தலைவரா? பின்னாடி தூங்கறார். சத்தம் போடாம போங்க."

நாய்க்கு அதுதான் பெயர். கட்டுகளுக்கு நடுவே சாக்கு மேல் படுத்திருந்தது. மூக்கைச் சுற்றி நரைத்திருந்தது. டிரெய்னர் அம்மா நேராகத் தொடவில்லை. தூரத்திலேயே நின்று தரையில் காலால் இரண்டு தட்டுத் தட்டினாள். அது தலையைத் தூக்கியது. இரண்டு கண்ணிலும் பால் விட்டது போல வெள்ளை. அப்புறம்தான் கிட்டே போனாள். அது அவள் கையை மோந்து, மோந்து, வாலைத் தரையில் அடித்தது.

"கண்ணு போயிடுச்சு. தூக்கத்துல யாராவது தொட்டா, யாருன்னு தெரியறதுக்குள்ள வாய் முந்திக்கும்" என்றாள்.

காவல்காரர் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதாங்க நடந்தது. மேனேஜர் சார் சாப்பாடு கொண்டு வந்து தலையைத் தடவினார். கவ்விடுச்சு. சார் ஒரு சத்தம் போடலை. அதுக்கப்புறம் தலைவர் சாப்பிடவே இல்லை. சாயங்காலம் வரைக்கும் சாரோட கையை நக்கிக்கிட்டே இருந்தார். பதினோரு வருஷமா சார் வளர்க்கிறார், பாவம்."

ஆக, கதை இதுதான். மாமனாருக்கு நாய் ஆகாது. மாப்பிள்ளை நாயைக் கிடங்கில் ஒளித்து வைத்தார். ரத்தத்தோடு வீட்டுக்குப் போனதும் யார் கடித்தது என்ற கேள்வி வந்தது. வாயில் வந்தது கீழ்வீட்டு நாய். மீதியை மாமனார் பார்த்துக்கொண்டார்.

மச்சான் கையைத் தட்டினான். "முடிஞ்சது கேஸ். தூக்குங்க அத்தான். வேன்காரனுக்கு ஒரு நாய்தானே வேணும்? அந்த நாய்க்கு இந்த நாய்."

டிரெய்னர் அம்மா தரையில் உட்கார்ந்தாள். நாய்க்கும் எங்களுக்கும் நடுவில்.

"தூக்குங்க. ஆனா முதல்ல என்னைத் தூக்கணும்."

"ஏம்மா, என்னைக் கூப்பிட்டது தையல்கார அம்மா. அவங்க நாய் போகுது, வீடு போகுது. நான் அவங்களுக்குத்தான் பதில் சொல்லணும்."

"அப்போ அவங்களையே கேளுங்க."

கேட்டேன். ஃபோனில் மிஷின் ஓடுகிற சத்தம். எல்லாவற்றையும் சொன்னேன். மிஷின் நின்றது.

"அதுக்கு என்ன வயசு?"

"பதினொண்ணுக்கு மேலே."

"கண்ணு?"

"சுத்தமா இல்லை."

"அதை வண்டியில ஏத்திக்கிட்டு வந்தீங்கன்னா, என் வாசல்ல கால் வைக்காதீங்க ஐயா." ஃபோன் வைக்கப்பட்டது.

கடித்த நாய் கையெட்டும் தூரத்தில். கடிக்காத நாயை முப்பத்தைந்து நிமிஷத்தில் கொண்டுபோய்விடுவார்கள். இரண்டு பிடிவாதக்காரிகளுக்கு நடுவில் நான்.

"வண்டியை எடு" என்றேன்.

"வெறும் வண்டியா?"

"வெறும் வண்டிதான்டா!"

*

வேன் வந்துவிட்டிருந்தது. பின்கதவு திறந்து, உள்ளே கம்பிக் கூண்டு. தையல்கார அம்மா தன் வாசலில் நின்றார், கையில் துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோல்.

"நாயைத் தொட்டீங்கன்னா உங்க வேனோட சீட்டு, திரை, டயர், எது கிடைச்சாலும் வெட்டுவேன். பதினெட்டு வருஷமா வெட்டிக்கிட்டிருக்கேன். கை நடுங்காது."

வேன்காரர் இரண்டடி தள்ளி நின்றார். "அம்மா, நான் சம்பளக்காரன். கடிபட்டவர் வந்து இந்த நாய்தான்னு காட்டிக் கையெழுத்துப் போட்டா ஏத்திடுவேன். அவ்வளவுதான்."

வீட்டுக்காரர் மாப்பிள்ளையைப் படியில் இறக்கிக்கொண்டு வந்தார். மகள் பின்னால் வந்தாள். மாப்பிள்ளை என்னையும் டிரெய்னர் அம்மாவையும் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

"அந்தப் படிவத்தைக் கொடுங்க" என்றேன்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். எதையும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். படித்தவர்கள் தாண்டிப் போகிற இடத்தில் எல்லாம் எனக்குத் தடுக்கும். வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். வேன்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் விரலை எடுக்காமல் கடைசி வரி வரை போய், மறுபடி மேலே வந்தேன்.

"இங்க நாயோட சொந்தக்காரர்னு ஒரு கட்டம். இங்க கடிபட்டவர்னு ஒரு கட்டம். எதுக்கு ரெண்டு கட்டம்?"

"ரெண்டும் வேற வேற ஆளுங்க பெருசு."

"ரெண்டும் ஒரே ஆளா இருந்தா?"

வேன்காரர் சிரித்தார். "அப்போ புகாரே இல்லையே! உங்க நாய் உங்களைக் கடிச்சா ஊசியைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்க. அதுக்கெல்லாமா நான் வேன் எடுத்துக்கிட்டு வருவேன்?"

நான் படிவத்தையும் பேனாவையும் மாப்பிள்ளையிடம் நீட்டினேன். அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"கிடங்குக்குப் போயிட்டு வந்தோம். தலைவர் நல்லா இருக்கார். நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. உங்க வாயாலதான் வரணும்."

பொத்தான் தையல்கார அம்மாவின் கால் இடுக்கு வழியாகத் தலையை நீட்டி, அவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

"சீக்கிரம் போடுங்க மாப்பிள்ளை" என்றார் வீட்டுக்காரர்.

மாப்பிள்ளை முதல் கட்டத்தில் இருந்த தையல்கார அம்மாவின் பெயரை அடித்தார். தன் பெயரை எழுதினார். இரண்டாவது கட்டத்திலும் தன் பெயரே இருந்தது. கையெழுத்துப் போட்டுப் படிவத்தை வேன்காரரிடம் கொடுத்துவிட்டு மாமனாரை நேராகப் பார்த்தார்.

"என்னைக் கடிச்சது என் நாய் மாமா. பதினோரு வருஷமா வச்சிருக்கேன். உங்க பொண்ணு வர்றதுக்கு முன்னாடியிலேருந்து."

வீட்டுக்காரர் படியில் காலை ஓங்கி மிதித்தார். "என் வாசப்படியில நாய் ஏறாது! இன்னைக்கே முடிவு பண்ணுங்க. அதுவா, இந்த வீடா?"

"அது ஏறாது மாமா. நான் இறங்கிடறேன்."

இரண்டு படி இறங்கினார். தையல்கார அம்மாவின் முன்னால் வந்து நின்றார். "அம்மா, நான் செஞ்சது..."

"பேசாதீங்க. நாலு நாளா எனக்குத் தூக்கம் இல்லை. மன்னிக்க இப்போ எனக்கு மனசு வரலை. முதல்ல போய் அந்த நாய்க்கு கண் டாக்டரைப் பாருங்க."

அவர் தலையை ஆட்டினார். வாசல் வரை போனார்.

"இருங்க."

மகள். இவ்வளவு நேரமும் ஒரு சொல் பேசாதவள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். அதை அப்புறம் பேசிக்கலாம். செருப்பைப் போட்டுக்கிட்டு வரேன், இருங்க."

அப்பா கையை நீட்டினார். அவள் அந்தக் கைக்குக் கீழே குனிந்து போய்விட்டாள்.

வேன்காரர் காலிக் கூண்டைச் சாத்திக்கொண்டு கிளம்பினார். மச்சான் டிரெய்னர் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டான்: "மேடம், எங்க அத்தானையும் ஒரு மூணு வாரம் பழக்க முடியுமா? கடிக்கமாட்டார், உறுமுவார். அவ்வளவுதான்."

"வயசாயிடுச்சு. கஷ்டம்" என்றாள் அவள். அப்போதும் சிரிக்கவில்லை. அவள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரர் மட்டும் படியில் நின்றார். கோபத்தை யார் மேலாவது இறக்க வேண்டும். தையல்கார அம்மாவைப் பார்த்து விரலை நீட்டினார்.

"நாய் கடிக்கலைன்னா என்ன? இந்தக் கட்டடத்துக்கு இன்னும் நான்தான் சொந்தக்காரன். அது ஞாபகம் இருக்கட்டும்!"

தையல்கார அம்மா மேஜையிலிருந்து அந்தக் காலி செய்யச் சொன்ன காகிதத்தை எடுத்தார். வாசலுக்கு வந்து, அவர் பார்க்கப் பார்க்க, நடுவில் ஒரே வெட்டு. நூல் பிடித்த மாதிரி நேராக.

"இல்லைன்னு யாரு சொன்னா? பின்பக்கக் குழாய் ரெண்டு மாசமா ஒழுகுது. சொந்தக்காரர்தானே, நாளைக்குக் காலைல ஆளை அனுப்புங்க."

உள்ளே போய் உட்கார்ந்தார். மிஷின் ஓட ஆரம்பித்தது.